வீடியோ வெட்டும் ஏஜென்ட் கருவி: இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன், வாங்கும் முன் கையேட்டைத் திறந்து படியுங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு எடிட்டிங் அறை நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா, அப்புறம் ஒரு வருடமாக யூடியூபில் பேசுகிறவர்களுக்கு வாரா வாரம் வெட்டிக் கொடுக்கிற வேலை. முகூர்த்த நாளில் மூன்று கேமரா ஓடினால் ராத்திரி அறைக்குத் திரும்பும்போது ஏழு மணி நேர ஃபுட்டேஜ் கையில் இருக்கும். அதில் பார்க்கத் தகுந்தது நாற்பது நிமிடம். மீதியைக் கழித்துக் கட்டவே என் வாரம் முழுக்கப் போகிறது. அதனால் ஏஐ ஏஜென்ட்டிடம் (சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ) எழுதிச் சொன்னால் ரஃப் கட் (முதல் கட்டக் கரட்டு வெட்டு) போட்டுத் தரும் கருவி ஒன்று நம் பக்கத்திலேயே எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே பஸ் ஏறிக் கடலூர் போனேன்.

மஞ்சக்குப்பத்தில் இரண்டு தம்பிகள் சேர்ந்து எழுதியது. இன்னும் பொதுவில் வெளியிடவில்லை, பெயரும் மாறப்போகிறது, அதனால் இந்த விமர்சனம் முழுக்கக் 'கருவி' என்றே எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இதற்குக் காசு கொடுக்கவில்லை, சோதித்துப் பார்க்கத்தான் கொடுத்தார்கள். சோதிக்கப் போன இடத்தில் அதன் கையேட்டில் பாதியை நானே உட்கார்ந்து திருத்தி எழுதும்படி ஆகிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கருவி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்குத் திரை கிடையாது, கிளிப்புகளை அடுக்கும் டைம்லைன் கிடையாது, மவுஸை வைத்து இழுக்க எதுவும் கிடையாது. ஏஜென்ட்டிடம் தமிழிலேயே "இந்த ஃபோல்டரில் இருக்கும் 14 கிளிப்பையும் பார், பேச்சை எழுத்தாக்கு, தடுமாறிய இடத்தை எடுத்துவிடு, கீழே தமிழ் சப்டைட்டில் போடு" என்று எழுதினால், அது கருவியின் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டு வேலையை முடிக்கும். உள்ளே உண்மையில் உழைப்பது பழைய ஆட்கள்தான். வெட்டுவதும் ஒட்டுவதும் 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். பேச்சை எழுத்தாக்குவது ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாகத் திறந்துவிட்ட விஸ்பர் என்ற ஏஐ மாடல். ஏஜென்ட்டுக்கும் கருவிக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடப்பது எம்சிபி வழியாக, அதாவது ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் அறிவித்த இணைப்பு முறை. தம்பிகள் செய்திருப்பது இதையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்து, எந்த வேலைக்கு எதைக் கூப்பிட வேண்டும் என்று ஏஜென்ட்டுக்குப் புரியும்படி எழுதி வைத்திருப்பது.

அந்த 'எழுதி வைத்திருப்பது', அதாவது ஏஜென்ட் படிக்கும் கையேடுதான் எனக்கு இதில் முக்கியமான விஷயம். நான் எடிட்டிங் மென்பொருள் கற்றுக்கொண்டபோது உதவிப் பக்கத்தைப் படித்ததே இல்லை. தெரியாத பட்டனை அழுத்துவேன், தப்பாகப் போனால் திரையிலேயே தெரியும், கன்ட்ரோல் இசட் அடிப்பேன். ஏஜென்ட்டுக்கு இந்த வழி கிடையாது. நேற்று எழுதிய கருவியைப் பற்றி அது எங்கேயும் படித்திருக்க முடியாது, ஆக கையேட்டில் இருக்கும் வரிகள்தான் அதற்குத் தெரிந்த முழு உலகம். அங்கே ஒரு வாக்கியம் அரைகுறையாக இருந்தால், அந்த அரைகுறை அப்படியே வெட்டாக வந்து உங்கள் வீடியோவில் விழும். இது எனக்குப் புரிந்தது தேவனாம்பட்டினத்தில் எடுத்த ஒரு நேர்காணலில்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்கிறார்கள், படத்தொகுப்பு என் பொறுப்பு. ஒரு தாத்தா, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், வலை பழுது பார்த்துக்கொண்டே பேசினார். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றிக் கேட்கிற இடம் வந்தது. "அன்னிக்குக் காலையில வீட்ல யார் யார் இருந்தீங்க தாத்தா?" என்று பையன் கேட்கிறான். தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. கையில் இருந்த வலை ஊசி அப்படியே நிற்கிறது, கட்டைவிரல் மட்டும் ஒரு முடிச்சைத் தடவிக்கொண்டே இருக்கிறது, கண் ஒரு முறை கடல் பக்கம் போய்த் திரும்புகிறது. ஒன்பது நொடி. அப்புறம்தான், "நாங்க அஞ்சு பேருப்பா" என்கிறார்.

கருவி வெட்டிக் கொடுத்ததில் அந்த ஒன்பது நொடி இல்லை. கேள்வி முடிந்த அடுத்த கணமே பதில் வருகிறது, வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்கிற பையன் மாதிரி. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூல ஃபுட்டேஜ் பத்திரமாக இருந்தது, ஆனால் நான் கவனிக்காமல் அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அதைத்தான் ஊர்க்காரர்கள் முன்னால் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

தம்பிகளுக்குப் போன் போட்டேன். "அக்கா, சைலன்ஸ் கட் டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், வேணாம்னா நீங்க ஆஃப் பண்ணச் சொல்லணும்" என்றான் சின்னவன். சரி, ஏஜென்ட்டுக்கு அது எப்படித் தெரியும் என்று கையேட்டைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். தமிழில் சொன்னால், 'அமைதியான பகுதிகளை நீக்கும். வீடியோவை விறுவிறுப்பாக்கும். எல்லா வீடியோவுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.' இதைப் படித்த ஏஜென்ட் என்ன செய்யும்? சொன்னதைச் செய்தது. தப்பு அதன் மேல் கிடையாது. கட்டளையும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அதை எடுத்துவிடுவதுதான் அதன் வேலை. அமைதி என்றால் காலி இடம் என்று எழுதிய அந்த மூன்று வாக்கியத்தில்தான் கோளாறு.

அன்று ராத்திரியே அந்தப் பகுதியை இப்படி மாற்றி எழுதி அனுப்பினேன்: 'இந்தக் கட்டளை சத்தத்தின் அளவை மட்டும் பார்க்கும். படத்தில் என்ன நடக்கிறது என்று இதற்குத் தெரியாது. ஒருவர் கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்துவது, சமையல் விளக்குவது, பொருளைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றுக்குப் பயன்படுத்து. நேர்காணல், சடங்கு, இரங்கல், குழந்தைகள் இருக்கும் காட்சி என்றால் நீயாகப் பயன்படுத்தாதே. அதற்குப் பதில் 2 நொடிக்கு மேல் உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் நேரத்தோடு பட்டியல் போட்டு, எதை எடுக்கலாம் என்று கேள்.' தம்பிகள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சேர்த்தார்கள், டிஃபால்ட்டையும் ஆஃப் செய்தார்கள். கருவியின் நிரலில் வேறு எதையும் தொடவில்லை. அதே தாத்தாவின் ஃபைலைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை ஏஜென்ட் வெட்டவே இல்லை, 23 இடைவெளிகளை எழுதிக் காட்டியது. அந்த ஒன்பது நொடிக்கு நேராக 'கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்' என்று ஒரு குறிப்பு. அதில் தேவையில்லாத 11 இடங்களை எடுக்கச் சொன்னேன், எடுத்தது.

இதற்கு அப்புறம் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கையேட்டைத்தான் திறந்தேன். பத்துக்கு ஏழு முறை பதில் அங்கேயே கிடைத்தது.

தமிழ் எழுத்து விஷயத்தைப் பாருங்கள், தமிழில் வேலை செய்கிற யாருக்கும் இது முதல் நாளே மாட்டும். படத்தின் தலைப்பு அட்டையில் 'தேவனாம்பட்டினம்' என்று போடச் சொன்னால், முதல் எழுத்தே உடைந்து வந்தது. த முன்னால் நிற்கிறது, அதற்கு முன்னால் வர வேண்டிய இரட்டைச் சுழிக் கொம்பு பின்னால் போய்த் தனியாக நிற்கிறது. அதே வீடியோவில் கீழே ஓடுகிற சப்டைட்டிலில் அதே ஊர்ப் பெயர் அழகாக வருகிறது. ஒரே ஃபான்ட், ஒரே கருவி, எப்படி? தோண்டிப் பார்த்ததில், சப்டைட்டில் லிப்ஆஸ் என்ற நூலகத்தின் (தயார் நிரல் தொகுப்பின்) வழியாகப் போகிறது. அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துவதால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். தலைப்பு அட்டையை மட்டும் பைதான் நிரல்மொழியின் பில்லோ என்ற பட நூலகம் வரைகிறது. பில்லோவோடு ராக்ம் என்ற துணை நூலகம் சேர்ந்திருந்தால்தான் தமிழ் மாதிரியான எழுத்துகளை ஒழுங்குபடுத்தும். இல்லாவிட்டால் குறியீடு வந்த வரிசையிலேயே வரைந்து தள்ளிவிடும். ராக்ம் வேண்டும் என்று கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை. அதுகூடப் பரவாயில்லை, ஏஜென்ட் தலைப்பு அட்டை செய்து முடித்ததும் 'வெற்றி' என்று பதில் வருகிறது. எழுத்து உடைந்த படமும் ஒரு படம்தானே, ஃபைல் உருவாகிவிட்டது, வெற்றி.

இப்போது அந்தப் பகுதியில் இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. தமிழ், இந்தி போன்ற எழுத்துகளுக்குத் தலைப்பு அட்டையையும் சப்டைட்டில் வழியிலேயே போடு. போட்டதும் ஒரு ஃப்ரேமைப் படமாக எடுத்து நீயே பார், கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுச் சொல். இந்த இரண்டாவது வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தைப் பார்க்கத் தெரிந்த ஏஜென்ட்டுகள் இப்போது சாதாரணமாகிவிட்டன, ஆனால் பார் என்று எழுதி வைக்காத வரை அவை தாமாகத் திரும்பிப் பார்ப்பது குறைவு.

அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க வீணான கதை. ஒரு சேனலுக்கு மூன்று எபிசோடு ரெண்டர் ஆகட்டும் (இறுதி வீடியோ ஃபைலாக உருவாகட்டும்) என்று பத்து மணிக்கு விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் முதல் எபிசோடிலேயே நிற்கிறது. காரணம் என்ன தெரியுமா, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்திருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் அந்த மாதிரி நேரத்தில் 'மேலே எழுதவா, வேண்டாமா' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மனிதர் முன்னால் இருந்தால் ஒரு விசையை அழுத்தி முடித்துவிடுவார். ஏஜென்ட் அந்தக் கேள்வியைப் பார்க்கவே இல்லை, அது வேலை முடியட்டும் என்று காத்திருக்கிறது, எஃப்எஃப்எம்பெக் பதில் வரட்டும் என்று காத்திருக்கிறது. எட்டு மணி நேரம் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி. ஏஜென்ட்டுக்காகக் கருவி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டியது இது: கருவி நடுவில் கேள்வி கேட்குமா கேட்காதா, ஃபைல் இருந்தால் என்ன ஆகும், எவ்வளவு நேரம் வரை பதில் வராவிட்டால் கைவிட வேண்டும். இப்போது கருவி கேட்பதில்லை, பழையதைத் தொடாமல் பெயருக்குப் பின்னால் எண் போட்டுப் புதிதாக எழுதுகிறது. மூல ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் எதையும் எழுதக் கூடாது என்பதும் கையேட்டில் ஏறிவிட்டது. கல்யாண ஃபுட்டேஜ் போனால் திரும்ப எடுக்க முடியாது, அந்த வரி இல்லாத கருவியை நான் என் ஹார்ட் டிஸ்க் பக்கம் விட மாட்டேன்.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. முதல் நாளிலிருந்தே நன்றாக எழுதியிருந்த பகுதி வெட்டும் கட்டளைக்கானது. மறு என்கோடு செய்யாமல், அதாவது படத்தை மறுபடி சுருக்கி எழுதாமல் வெட்டினால் நொடியில் முடியும், தரமும் குறையாது, ஆனால் வெட்டு கீஃப்ரேம் (முழுப் படமாகச் சேமித்த ஃப்ரேம்) இருக்கும் இடத்தில்தான் விழும், நீங்கள் சொன்ன இடத்திலிருந்து தள்ளிப் போகலாம். சரியான ஃப்ரேமில் வெட்ட வேண்டும் என்றால் மறு என்கோடு செய்ய வேண்டும், நேரம் பிடிக்கும். இதை எழுதியதோடு நிற்காமல், எப்போது எது என்றும் எழுதியிருக்கிறார்கள்: பெரிய ஃபைலைத் துண்டு போட்டுப் பார்க்க முதல் வழி, கடைசி வெளியீட்டுக்கு இரண்டாவது வழி. அதேபோல் செல்போன் வீடியோ பற்றியும் ஒரு நல்ல பத்தி. போனில் எடுத்ததில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது, அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக வாயசைவும் சத்தமும் விலகும், அதனால் முதலில் 25 ஃப்ரேமுக்கு நிலைப்படுத்திவிட்டு அப்புறம் வெட்டு என்று. சொந்தக்காரர்கள் போனில் எடுத்து அனுப்புவதைச் சேர்க்காமல் எந்தக் கல்யாண வீடியோவும் முடிவதில்லை, அதனால் இந்தப் பத்தி எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

'என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் சொல்' என்கிற ஒத்திகை முறையும் அருமை. எந்த கிளிப், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, எந்த வரிசையில் என்று பட்டியல் வந்துவிடும், ஒரு ஃபைலும் உருவாகாது. டீ குடித்துக்கொண்டே அதைப் படித்து இரண்டு இடத்தை மாற்றச் சொல்லிவிட்டு ஓட விடலாம்.

கையேட்டின் நீளம் பற்றி எனக்கும் தம்பிகளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதம் நடந்தது. நான் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிச் சொல்லி அது நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் ஏஜென்ட் முதலில் படித்ததைப் பின்னால் கோட்டைவிட ஆரம்பித்தது. தலைப்பு அட்டை விதி நினைவில் இருந்தால் ஃபைல் பெயர் விதி போய்விடும். ஏஜென்ட் ஒரு நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் இடம் அளவுள்ளது, அதில் கையேடே பாதியை அடைத்துக்கொண்டால் வேலைக்கு இடம் ஏது. பெரியவன் சொன்ன வழிதான் கடைசியில் சரியாக இருந்தது. முதல் பக்கத்தில் கருவி என்ன செய்யும், எப்போது கூப்பிட வேண்டும், ஒருபோதும் செய்யக் கூடாத ஐந்து விஷயம், அவ்வளவுதான். சப்டைட்டில், ஒலி, தலைப்பு, ஏற்றுமதி எல்லாம் தனித்தனி ஃபைல், தேவைப்படும்போது மட்டும் ஏஜென்ட் திறந்து படிக்கும். ஆந்த்ரோபிக் 2025 அக்டோபரில் கொண்டுவந்த 'ஸ்கில்ஸ்' முறையின் அடிப்படையும் இதுதான், தலையில் பெயரும் ஒரு சிறு விவரிப்பும் மட்டும் எப்போதும் கண்ணில் இருக்கும், உடல் பகுதி வேண்டும்போது திறக்கும். முதல் பக்கம் சுருங்கியதும் மறதி குறைந்துவிட்டது.

பிழைச் செய்தியும் கையேட்டில் சேர்ந்ததுதான் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். 'மாசிமகம் 2' என்று தமிழில், நடுவே இடம் விட்டுப் பெயர் வைத்த ஒரு ஃபைலைக் கொடுத்தபோது கருவி வெறுமனே 'தோல்வி' என்றது. ஏஜென்ட்டுக்கு அதிலிருந்து என்ன தெரியும்? கருவியை விட்டுவிட்டுத் தானே பைதான் நிரல் எழுதி வெட்டப் பார்த்தது. அதுவும் மூவிபை என்ற வீடியோ நூலகத்தின் பழைய முறையில். மூவிபை 2ஆம் பதிப்பில் பழைய எடிட்டர் தொகுதியையே எடுத்துவிட்டார்கள், ஆனால் ஏஜென்ட் படித்து வளர்ந்த பழைய நிரல்களில் அதுதான் நிறைய இருக்கும், அதனால் கை அங்கேதான் போகிறது. அதுவும் ஓடாமல் இன்னொன்றை முயன்று, இருபது நிமிடம் இப்படியே போனது. இப்போது அதே இடத்தில் 'இந்தப் பெயரில் ஃபைல் இல்லை, இந்த ஃபோல்டரில் இருப்பவை இவை, பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் கொடு' என்று வருகிறது. அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும். முதல் பக்கத்தின் ஐந்து விதிகளில் ஒன்று, 'கருவியால் முடியாவிட்டால் நீயாக நிரல் எழுதாதே, நிறுத்திவிட்டுச் சொல்.'

ஒலிப் பகுதிக்கு மட்டும் நான் இன்னும் முழு மதிப்பெண் தரமாட்டேன். யூடியூபுக்கு என்றால் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று தானாகச் சமன் செய்கிறது, பேச்சுக்கு அது போதும். நாதஸ்வரமும் தவிலும் வந்தால் கதை வேறு. ஒரே ஓட்டத்தில் சமன் செய்தால் மெல்லிய இடத்தைத் தூக்கி, பலத்த இடத்தை அமுக்கிக்கொண்டே போகும். கெட்டிமேளம் அடித்து ஓய்ந்ததும் மண்டபத்து மின்விசிறிச் சத்தம் மூச்சு வாங்குவது போல மேலே ஏறி வருவது காதில் விழும். இரண்டு ஓட்டமாக, முதலில் முழுவதையும் அளந்துவிட்டு அப்புறம் ஒரே அளவில் ஏற்றினால் இது வராது. கருவியில் இரண்டு ஓட்டம் இருக்கிறது, கையேட்டில் அது 'கூடுதல் துல்லியத்துக்கு' என்று மட்டும் இருக்கிறது. யாருக்கு, எந்த ஒலிக்கு என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பேச்சை எழுத்தாக்குவதில் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். விஸ்பரின் முதல் பதிப்பைப் பழக்கிய 6,80,000 மணி நேர ஒலியில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிக்கும் சேர்த்து 1,17,000 மணி நேரம்தான், நம் தமிழுக்கு அதில் ஒரு சின்னப் பங்கு. ஸ்டுடியோவில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. கரையோரப் பேச்சு, வலை, மீன் பெயர்கள் என்று வந்தால் நான் வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கிறது. இந்த வகை மாடல்கள் பேச்சே இல்லாத இடத்தில், வெறும் அலைச் சத்தத்துக்கும் ஒரு வாக்கியத்தைத் தாமாக எழுதிவிடும் என்பதும் தெரிந்த விஷயம். கையேட்டில் இப்போது 'பேச்சில்லாத பகுதியில் வந்த வரிகளைத் தனியாகக் குறித்துக் காட்டு' என்று இருக்கிறது.

இன்னொன்று, இதை வாடிக்கையாளர் வேலைக்குப் பயன்படுத்தப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீடியோ என் கணினியை விட்டு வெளியே போவதில்லை, எழுத்தாக்குவதும் இங்கேயே நடக்கிறது. ஆனால் எழுத்தான பேச்சும், சரிபார்க்க எடுக்கும் ஃப்ரேம்களும் ஏஜென்ட்டை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. அதை ஒரு வரியாகக் கையேட்டில் எழுதச் சொன்னேன், எழுதிவிட்டார்கள். நேர்காணல் கொடுத்த பெரியவர்களிடம் பிள்ளைகள் மூலம் விளக்கிச் சொல்லி, சரி என்றவர்களுடையதை மட்டும்தான் இதில் போடுகிறேன். இருவர் வேண்டாம் என்றார்கள், அவர்களுடையதைக் கையால் வெட்டுகிறேன்.

செலவு என்று பார்த்தால் கருவிக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஏஜென்ட் சந்தாவுக்கு மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாய் போகிறது. கிராஃபிக்ஸ் அட்டை இருக்கும் கணினியாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எழுத்தாக்கவே நீண்ட நேரம் எடுக்கும். யூடியூப் எபிசோடு ஒன்றுக்கு எனக்கு முன்பு ஒரு முழு நாள் ஆகும். இப்போது காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் ரஃப் கட் டைம்லைனாகவே வந்துவிடுகிறது, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் திறந்து மீதி வேலையை நான் செய்கிறேன். ரெண்டர் ஆன வீடியோவாக வாங்காமல் டைம்லைனாக வாங்குங்கள், ஒரு வெட்டு பிடிக்காவிட்டால் இழுத்துச் சரிசெய்யலாம். வாரம் ஒன்றிரண்டு பேச்சு வீடியோ போடுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், சமையல் சேனல்காரர்கள் தயங்காமல் முயற்சி செய்யலாம். இதே மாதிரி வேறு எந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும், விளம்பர வீடியோவைப் பார்ப்பதற்கு முன் ஏஜென்ட்டுக்கான அந்தக் கையேட்டைத் திறந்து, 'எப்போது பயன்படுத்தக் கூடாது' என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் அந்த வரிகளை உங்கள் ஃபுட்டேஜை வைத்து நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்கு மட்டும் இன்னும் இதை நம்பவில்லை. மூன்று கேமராவை ஒலியை வைத்து ஒன்று சேர்க்கும் பகுதி கருவியில் பாதி வந்திருக்கிறது, கையேட்டில் அந்தத் தலைப்புக்குக் கீழே 'விரைவில்' என்ற ஒரு சொல்தான் நிற்கிறது. எழுதி முடித்ததும் சொல்கிறோம் அக்கா என்றிருக்கிறார்கள். வைகாசி முகூர்த்தத்துக்குள் வந்துவிட்டால் ஒரு கல்யாணத்தை முழுக்க இதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை தாலி கட்டும் இடத்தை நானே வெட்டிக்கொள்கிறேன்.